நாற்பத்தேழாவது பாடம்

ஜூன் 3

அக்காவுக்கு,

நான் நலம், அம்மா நலம், அங்கே எல்லோரும் நலமா? கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள். ஆரம்பித்தாயிற்று. இனி விஷயம்.

போன வாரம் போனில் நாற்பது நிமிஷம் சண்டை போட்டோம். கடைசியில் நீ, "எழுதி அனுப்புடா, தொண்டை போகுது" என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மருத்துவக் கல்லூரி முதல்வர் எங்கள் ஆப்பைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். முதல் வருஷ மாணவர்கள் நூற்றிருபது பேர். பாதிப் பேர் வழக்கம்போல் உன் வகுப்பில் உட்காருவார்கள்: கழுத்தின் உடற்கூறு, தினம் ஒரு மணி நேரம், இரண்டு மாதம். மீதி அறுபது பேர் வகுப்புக்கே வரமாட்டார்கள். அவர்களுக்குப் போனில் தினம் இரண்டு பாடம். ஒவ்வொன்றும் மூன்றே நிமிஷம். படம் ஓடும், குரல் பேசும், கீழே ஒரு கேள்வி கார்டு. முடிவில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை.

தொண்ணூறு பாடத்துக்கும் குரல் நீதான் தர வேண்டும். அப்போதுதான் ஒப்பீடு நியாயம். ஒரே ஆசிரியர், ஒரே விஷயம், பரிமாறும் அளவு மட்டும் வேறு.

உள்ளதைச் சொல்கிறேன், கோபப்படாதே. ஒரு மணி நேர வகுப்பு என்பது ஒருவர் பேச அறுபது பேர் கொட்டாவி விடும் ஏற்பாடு. நான் படித்தபோது ஆறாவது நிமிஷத்திலேயே எனக்குக் கவனம் போய்விடும். இந்தச் சோதனை தோற்றால் எங்கள் குழுவைக் கலைத்துவிடுவார்கள். ஐந்து பேரும் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

அத்தானையும் சின்னதையும் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜூன் 12

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

நான் நலம். அத்தான் நலம். சின்னதுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சிரிக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்கிறாள். நீயும் அம்மாவும் நலம்தானே?

குரல் தருகிறேன். முதல்வர் என்னையும் கூப்பிட்டுப் பேசினார். உன் கூட்டம் ஜெயித்தால் அடுத்த வருஷம் பெரிய வகுப்புகளை நிறுத்திவிட உத்தேசமாம். என் ஒப்பந்தம் பெரிய வகுப்புக்கானது, மார்ச்சோடு முடிகிறது. ஆக, நீ ஜெயித்தால் நான் வீட்டில் உட்கார வேண்டும், நான் ஜெயித்தால் நீ உட்கார வேண்டும். அத்தான் இதைக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுல ஒரு சொத்துத் தகராறுகூட இல்லையேன்னு பார்த்தேன்" என்றார்.

வகுப்பைப் பற்றி நீ சொன்னதில் பாதி சரி. கொட்டாவி விடுகிறார்கள். ஆனால் விடுகிறவன் யார் என்று எனக்குத் தெரிகிறது. புரியாமல் விடுகிறானா, ராத்திரி தூங்காமல் விடுகிறானா என்பதும் தெரிகிறது. அதற்கேற்ப அதே நரம்பை இன்னொரு தரம் வரைகிறேன். உன் போனுக்குக் கொட்டாவி தெரியுமா?

தொண்டைக்கு ஒன்றுமில்லை. பதினோரு வருஷமாகக் கத்துகிற தொண்டை, கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. அவ்வளவுதான்.

அம்மாவை நேரத்துக்கு மாத்திரை போடச் சொல்.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன்.

மாதிரிக்கு அனுப்பிய மூன்று பாடங்களையும் கேட்டேன். விஷயம் பிரமாதம். ஒலி மோசம். குரலுக்கு அடியில் ஒரு கரகரப்பு ஓடுகிறது, அட்டையில் மணலைத் தேய்த்த மாதிரி. உன் லேப்டாப் மைக்கின் லட்சணம் அது. நல்ல மைக் ஒன்று பார்சலில் வருகிறது. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. மின்விசிறியை நிறுத்து.

இன்னொன்று. நடுநடுவே "சரியா?" என்று கேட்கிறாய். அங்கே தலையாட்ட ஆள் இல்லை. ஒவ்வொரு "சரியா"வும் ஒரு விநாடி தண்டம். நிறுத்து.

கேள்வி கார்டுகளை நானே எழுதி, நானே பதில் சொல்லிச் சோதிக்கிறேன். பார், உடற்கூறு படிக்காத நான் பத்துக்கு ஒன்பது வாங்குகிறேன். நாலு வருஷம் முன்பே இந்த ஆப் இருந்திருந்தால் நானும் டாக்டர்.

தம்பி


ஜூலை 16

அன்புள்ள டாக்டர் அவசரக்குடுக்கைக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் வயிற்றெரிச்சல் தேவலையா? நான் மூட்டிய எரிச்சலைச் சொல்லவில்லை, சாப்பாட்டுக்கு அப்புறம் வருவதைக் கேட்கிறேன்.

மைக் வந்தது. காலையில் மேடை, சாயங்காலம் மைக் என்று போகிறது பொழுது. உறுப்புகளைப் பாடம் பண்ணி வைத்திருக்கும் அறையில்தான் பதிவு. கனத்த திரைச்சீலை, எதிரொலி கிடையாது. எதிர் அலமாரியில் பதினெட்டுக் குரல்வளைகள் ஜாடிக்குள் வரிசையாக நின்று என்னைப் பார்க்கின்றன. கொட்டாவி விடாத வகுப்பு.

அறுபது பாடம் அனுப்பியாயிற்று. நாற்பத்தேழு எனக்குப் பிடித்த பாடம். குரலின் இடது நரம்பு. மூளையிலிருந்து நேரே வந்தால் குரல்வளை ஒரு சாண் தூரம். அது அப்படி வராது. நெஞ்சுக்குள் இறங்கி, பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறும். வழியில் எங்கே ஒரு கட்டி வந்து அழுத்தினாலும் குரல் கெடும். அதனால்தான் குரல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்தால் உள்ளே பார்த்துவிடு என்கிறோம். அதற்கு நீ எழுதியிருக்கும் கார்டைப் பார்த்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறாய்.

அங்கங்கே இருமல் விழுந்திருக்கும். தண்ணீர் குடித்தால் புரையேறித் தொலைக்கிறது. வெந்நீராகக் குடித்துப் பார்க்கிறேன். "சரியா"வை அடக்க முடியவில்லை. நீயே வெட்டிக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

பாதிக் கிணறு தாண்டியாயிற்று. என் கூட்டத்தில் தினமும் பாடம் பார்ப்பவர்கள் அறுபதுக்கு ஐம்பத்தேழு பேர். உன் வகுப்பு வருகைப் பதிவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஒலி. நீ கவனித்திருக்க மாட்டாய். முதல் பாடத்தைவிட எண்பதாவது பாடத்தில் சத்தம் மெலிந்துவிட்டது. ஒரே அறை, ஒரே தூரம். ஆக, மைக் தேய்ந்துகொண்டு வருகிறது. அதற்காக அனுப்பிய இரண்டாவதும் அதே கதை. மூன்றாவது அனுப்பியிருக்கிறேன், இது வானொலி நிலையத்தில் வைக்கும் ரகம். முப்பத்தொரு இருமலையும் வெட்டி எறிந்தேன்.

ஒரு வேடிக்கை கேள். நாற்பத்தேழாவது பாடத்துக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள்: "கெட்டுப்போன குரல் எப்படி இருக்கும் என்று காட்டத்தான் மேடம் இப்படிப் பேசுகிறார்களா?" நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரன் எழுந்து வந்துவிட்டான். உன் நடிப்புத் திறமை இவ்வளவு நாள் எங்களுக்குத் தெரியாமல் போயிற்றே.

உடனே ஒலி வடிகட்டியைப் போட்டுக் கரகரப்பை முழுக்கத் துடைத்தேன். அவளுக்கும் பதில் போட்டேன்: "பதிவுக் கோளாறு. சரிசெய்யப்பட்டது." இப்போது தொண்ணூறு பாடத்திலும் உன் குரல் கண்ணாடி. நீயே கேட்டால் யாருடா இவள் என்பாய்.

போனில் எப்போதும் அத்தானே பேசுகிறார், அவளுக்கு என்ன கோபம் என்று அம்மா கேட்கிறாள். நீ பதிவில் மும்முரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 1

தம்பிக்கு,

அத்தான் நலம். சின்னதுக்குப் பல் முளைக்க ஆரம்பித்துவிட்டது. நீயும் அம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது மைக்கைத் திருப்பி அனுப்புகிறேன். அதில் குறை ஒன்றும் இல்லை.

போன வாரம் உன் கூட்டத்துப் பெண் ஒருத்தி என் அறைக்கு வந்தாள். நாற்பத்தேழில் சந்தேகமாம். ஆப்பில் கேட்டதற்கு வந்த பதில் திருப்தியாக இல்லையாம். நான் விளக்கிக்கொண்டே போனேன். அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒரு டம்ளர் தண்ணி குடிங்க மேடம்" என்றாள். குடித்தேன். நியாயமான சந்தேகம்தான்.

கடைசிப் பத்து நாள் வகுப்பைத் துணை ஆசிரியர் எடுப்பார். என் குறிப்புகளைக் கொடுத்துவிட்டேன். பரீட்சை பதினைந்தாம் தேதி, மாற்றமில்லை.

அம்மாவிடம் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை என்று சொல். அழுத்திச் சொல்.

அக்கா


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

யாரைக் கேட்டு ஆசிரியரை மாற்றினாய்? ஒரே ஆசிரியர் என்பதுதான் இந்தச் சோதனையின் முதுகெலும்பு. கடைசிப் பத்து நாளில் வேறொரு ஆளை மேடையேற்றினால், நாளைக்கு உன் கூட்டம் தோற்றதும் "அது அவரால்" என்று ஒரு வார்த்தையில் ஊதித் தள்ளிவிடுவார்கள். இரண்டு மாத உழைப்பு குட்டிச்சுவர்.

அக்கா என்று பார்க்காமல் கேட்கிறேன். தோற்றுவிடுவோம் என்று பயமா? அப்படியென்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். மாணவி தண்ணீர் குடிக்கச் சொன்ன கதையெல்லாம் எதற்கு எனக்கு?

பதில் வேண்டும். சீக்கிரம்.

தம்பி


அக்டோபர் 14

தம்பிக்கு அத்தான் எழுதுவது.

இங்கே நானும் சின்னதும் நலம். உன் அக்கா விடுப்பில் இருக்கிறாள். உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லையே என்று அவளுக்குக் குறை. கொஞ்ச நாளில் எழுதுவாள்.

முடிவைக் கல்லூரியில் ஒட்டிவிட்டார்கள். உன் கூட்டம் சராசரி எழுபத்தெட்டு, வகுப்புக் கூட்டம் எழுபத்தொன்று. துணை ஆசிரியர் எடுத்த பகுதியைக் கழித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே வித்தியாசம்தானாம். ஆக, ஜெயித்தது நீ. உன் அக்காவுக்கு அதில் சந்தோஷம்தான். தாளில் எழுதிக் காட்டினாள்.

திருப்பி அனுப்பிய மைக் வந்து சேர்ந்ததா? அதைச் சோதித்துப் பார்த்தாயா? நேரம் இருந்தால் பார்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அத்தான்


அக்டோபர் 26

அக்கா,

மைக்கைச் சோதித்தேன். மற்ற இரண்டையும் வரவழைத்து, மூன்றிலும் ஒரே வாக்கியத்தை நூறு தடவை பேசிப் பார்த்தேன். மூன்றும் சரி. வயர் சரி. அறை சரி என்று நானே எழுதியிருக்கிறேன். மிச்சம் ஒன்றுதான் இருந்தது.

வடிகட்டாத பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தேன். ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை வரிசையாகக் கேட்டேன். ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. முப்பதில் மூச்சு கலக்கிறது. ஐம்பதில் வாக்கியத்தின் கடைசி வார்த்தை காற்றாகப் போகிறது. எண்பத்தைந்தில் ஒரு வரிக்கு இரண்டு தடவை மூச்சு வாங்குகிறாய். இதைத்தான் மைக் தேய்கிறது என்று எழுதினேன்.

பிறகு உன் கடிதங்களை எடுத்து வைத்தேன். முதலாவதில் "நான் நலம்." அடுத்ததில் "நாங்கள் எல்லோரும் நலம்." மூன்றாவதில் அத்தான் நலம், சின்னதுக்குப் பல். நீ இல்லை. அந்த வரிகளை நான் எப்போதும் தாவித்தான் படிப்பேன். அத்தான் "தாளில் எழுதிக் காட்டினாள்" என்று எழுதியதைக்கூடத் தாவியிருக்கிறேன்.

நாற்பத்தேழாவது கார்டை ஆப்பில் திறந்தேன். "ஒருவருக்குக் குரல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பாக இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?" நான் எழுதிய கேள்வி. சோதனைக்காக நானே பதினொரு தடவை பதில் சொல்லியிருக்கிறேன். பதினொன்றும் சரி.

அத்தானுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் அவள் எழுதுவாள் என்றார். இன்றே கிளம்பி வருகிறேன் என்றேன். "நீ வந்தா அவ வாயைத் திறப்பா. இப்ப திறக்கக் கூடாது. அவ எழுதினதும் வா" என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

செப்டம்பரில் நான் எழுதியதைக் கிழித்துப் போடு.

தம்பி


நவம்பர் 19

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

நான் இருக்கிறேன். நலத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். அத்தானும் சின்னதும் நலம். அம்மாவுக்கு நானே தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொடு.

தைராய்டில் கட்டி. நல்ல கட்டி இல்லை. இடது நரம்பைப் பிடித்திருந்தது. செப்டம்பர் கடைசியில் எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் போகவில்லை என்று சோதனை முடிவு வந்துவிட்டது. இனி மருந்தும் அவ்வப்போது பரிசோதனையும்தான். இடது பக்கக் குரல்நாண் அசையவில்லை. வலது பக்கம் எட்டிப் பிடிக்கப் பழகிக்கொள்ளும் என்கிறார்கள். முன்னமே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சோதனையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். ஐந்து பேர் வேலை அதில் இருந்தது.

உன்னையே திட்டிக்கொண்டிருக்காதே. கணக்கைச் சரியாகப் போடு. வகுப்பில் அறுபது பேர் தினம் ஒரு மணி நேரம் என் எதிரே உட்கார்ந்து இந்தக் குரலைக் கேட்டார்கள். இந்தக் குரலிலேயேதான் அந்த நரம்பை நடத்தினேன். அறுபது பேரும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. கொட்டாவி எனக்குத் தெரியும் என்று உன்னிடம் பெருமை அடித்தேனே, பதினோரு வருஷமாக இதைச் சொல்லிக்கொடுக்கும் நானே மூன்று மாதம் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன். தெரியாதவர்கள் யாருமில்லை. எல்லோருக்கும் விடை தெரியும்.

அந்தப் பெண் மட்டும் நடந்து வந்தாள். பஸ்ஸில் உன் பாடத்தைக் கேட்டாளாம். உன் கார்டுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே நின்றாள். விழுங்கும்போது தைராய்டுக் கட்டி மேலேறி இறங்கும், அதைப் பார்க்கத்தான் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். பரீட்சையில் அவள் வாங்கியது ஐம்பத்திரண்டு.

பெரிய வகுப்பு அடுத்த வருஷம் கிடையாது. முதல்வர் சொல்லிவிட்டார், ஒப்பந்தமும் அதோடு முடிகிறது. நான் தாளில் எழுதிக் கொடுத்தேன்: பாடம் போனில் நடக்கட்டும், ஆறு ஆறு பேராக என்னிடம் அனுப்புங்கள், நான் பேச வேண்டியதில்லை, அவர்கள் என்னைப் பார்த்துச் சொல்லட்டும் என்று. ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஒரு காரியம் செய். நாற்பத்தேழைப் பழையபடி போடு. துடைக்காமல்.

இனி ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பேசலாமாம். ஒரு மூச்சில் இல்லை, மும்மூன்று நிமிஷமாக. டாக்டரிடம் உன் பெயரைச் சொல்லிச் சிரித்தேன். காற்றுதான் வந்தது.

அக்கா


நவம்பர் 30

அக்கா,

அம்மாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன், பக்கத்தில் உட்கார்ந்து. இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து போய்ப் பெட்டியைக் கீழே இறக்கினாள்.

நாற்பத்தேழைப் பழையபடி போட்டுவிட்டேன். கரகரப்போடு, இருமலோடு. கேள்வியை மட்டும் மாற்றினேன். "ஒருவருக்கு" என்று இருந்ததை "இப்போது பேசிய ஆசிரியருக்கு" என்று ஆக்கினேன். முதல் நாளே நாலு பேர் கல்லூரி அலுவலகத்துக்குப் போய், மேடம் எப்படி இருக்காங்க என்று கேட்டார்களாம். முதல்வர் எனக்குப் போன் செய்து, என்னய்யா பண்ணி வைத்திருக்கிறாய் என்றார்.

இன்னொரு வேலையும் செய்தேன். வெட்டிய "சரியா"க்களை எல்லாம் தேடி எடுத்து, இருந்த இடத்திலேயே ஒட்டினேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. பாடங்கள் மூன்று நிமிஷத்தைத் தாண்டுகின்றன. குழுவில் நாலு பேரும் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

சனிக்கிழமை காலை வந்துவிடுவோம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து நின்றாலும் ஆச்சரியப்படாதே.

உனக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். மூன்று சின்னதுக்கு. மூன்று அம்மாவுக்கு. மூன்று அத்தானுக்கு. மீதி ஒரு நிமிஷம் எனக்குப் போதும், அதில் திட்டி முடித்துவிடு. மற்ற நேரமெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பேன். நீ தண்ணீர் குடி, நான் பார்க்கிறேன்.

அவசரக்குடுக்கை